சிறுநீரகம் சொல்லும் இதயச் சேதி: அறுபதைக் கடந்தவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

அறுபது வயதைக் கடந்த ஒருவர் முழு உடல் பரிசோதனை செய்துகொண்டு வந்தால், வீட்டில் எல்லோரும் கேட்பது ஈசிஜி எப்படி, கொழுப்பு எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு என்றுதான். சிறுநீரகப் பகுதி வரும்போது ‘கிரியாட்டினின் நார்மல்’ என்று படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். இதயத்தைப் பற்றிய மிக முக்கியமான தகவல் பல நேரங்களில் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது, அல்லது அங்கே இருக்க வேண்டிய ஒரு பரிசோதனை எழுதப்படாமலே விடுபட்டிருக்கிறது.

சிறுநீரகம் கெட்டால் டயாலிசிஸ் என்பதுதான் நம் மனதில் பதிந்திருக்கும் படம். ஆனால் அந்த நிலை வரும்வரை இதயம் காத்திருப்பதில்லை. அமெரிக்காவின் வடமேற்குப் பகுதியில் கைசர் பெர்மனென்டே என்ற மருத்துவக் காப்பீட்டு அமைப்பு ஏறத்தாழ 28,000 பேரை ஐந்து ஆண்டுகள் வரை கண்காணித்து, 2004ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டது. சிறுநீரக நோயின் ஐந்து கட்டங்களில் மூன்றாவதில் இருந்தவர்களில் டயாலிசிஸோ மாற்றுச் சிறுநீரகமோ தேவைப்பட்டவர்கள் 1.3 சதவீதம்தான். அதே காலத்தில் இறந்துபோனவர்கள் 24.3 சதவீதம். இறந்தவர்களிடம் இதய ரத்தக்குழாய் நோயும் இதயச் செயலிழப்பும் அதிகமாக இருந்தன. டயாலிசிஸுக்குப் பயந்துகொண்டிருக்கிறோம், ஆபத்தோ நெஞ்சுப் பக்கமிருந்து வருகிறது.

அதே ஆண்டு, அதே அமைப்பின் வட கலிபோர்னியா பிரிவில் 11 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை ஆராய்ந்தபோது கணக்கு இன்னும் தெளிவானது. சிறுநீரக வடிகட்டும் திறன் 60க்கு மேல் இருப்பவர்களோடு ஒப்பிட்டால், 45 முதல் 59 வரை உள்ளவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 1.4 மடங்கு. 30 முதல் 44 வரை என்றால் 2 மடங்கு. 15 முதல் 29 வரை 2.8 மடங்கு. வயது, சர்க்கரை, ரத்த அழுத்தம் ஆகியவற்றின் பங்கைக் கழித்த பிறகு வந்த எண்கள் இவை.

ஆகவே ஒவ்வொரு படியாகப் போகலாம். என்ன பரிசோதனை கேட்பது, மாதிரியை எப்படிக் கொடுப்பது, எண்ணை எப்படிப் படிப்பது, படித்தபின் என்ன செய்வது என்பதுதான் இந்த வழிகாட்டி. மருத்துவரின் இடத்தை இது எடுத்துக்கொள்ளாது. மருத்துவரிடம் சரியான கேள்வியோடு போக உதவும்.

முதலில் காரணம்

லண்டன் கைஸ் மருத்துவமனையில் பணியாற்றிய ரிச்சர்ட் பிரைட், நோயாளியின் சிறுநீரை ஒரு கரண்டியில் எடுத்து மெழுகுவர்த்தியின் மேல் காட்டுவார். புரதம் இருந்தால் அது வெண்மையாகத் திரளும். அப்படித் திரண்ட நோயாளிகள் இறந்தபின் உடலைத் திறந்து பார்த்தபோது, பலருக்குச் சிறுநீரகம் சுருங்கியிருந்ததோடு இதயமும் தடித்துப் பெருத்திருந்ததை 1836ஆம் ஆண்டில் எழுதிவைத்தார். ரத்த அழுத்தத்தை அளக்கும் கருவி புழக்கத்துக்கு வராத காலம் அது. சிறுநீரில் திரண்ட அந்த வெண்மைக்கும் தடித்த இதயத்துக்கும் உள்ள உறவு இன்றைய மருத்துவத்தின் மையக் கேள்விகளில் ஒன்று.

இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து உடல் எடையில் அரை சதவீதம்கூட இருக்காது. ஆனால் இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு அவற்றுக்குள் போகிறது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் பத்து லட்சம் நுண்வடிகட்டிகள். ஒவ்வொன்றும் மயிரிழையைவிட மெல்லிய ரத்தக்குழாய்களின் முடிச்சு. நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீர் அவற்றில் வடிகிறது. அதில் பெரும்பகுதியை உடல் திரும்ப எடுத்துக்கொள்கிறது.

உடலில் எங்கும் ஓடும் ரத்தக்குழாயின் உள்சுவர்தான் அங்கேயும் இருக்கிறது. புதிய வேட்டித் துணியில் புளியைக் கரைத்து வடித்தால் தெளிந்த நீர் மட்டும் இறங்கும். துணி நைந்துவிட்டால் சக்கையும் சேர்ந்து இறங்கும். சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் இறங்குவது அந்த நைவின் அடையாளம். சிறுநீரகத்தில் மட்டும் நைந்து, இதயத்திலும் மூளையிலும் புதிதாகவே இருக்கும் உள்சுவர் அரிது.

இது ஒரு பக்கம். சிறுநீரகம் தளரும்போது அது இதயத்தை நேராகவும் தாக்குகிறது. உப்பும் நீரும் தேங்கி ரத்த அழுத்தம் ஏறுகிறது. ரெனின் என்ற சுரப்பு அதிகமாகி ரத்தக்குழாய்களை இறுக்குகிறது. அழுத்தத்தை எதிர்த்து வேலை செய்து செய்து இதயத்தின் இடது கீழறை தடிக்கிறது. பாஸ்பரஸ் சரிவர வெளியேறாததால் ரத்தக்குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிகிறது. ரத்தச் சிவப்பணுக்களை உருவாக்கத் தூண்டும் எரித்ரோபாய்ட்டின் என்ற சுரப்பு குறைந்து ரத்தசோகை வருகிறது. இதயம் இன்னும் வேகமாகத் துடிக்க வேண்டியிருக்கிறது. மறுபுறம், இதயம் தளர்ந்தால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறைந்து அதுவும் தளர்கிறது. அமெரிக்க இதயச் சங்கம் 2023இல் இதயம், சிறுநீரகம், சர்க்கரை–உடல்பருமன் மூன்றையும் ஒரே நோய்த் தொகுதியாகப் பார்க்க வேண்டும் என்று அறிவித்தது. அது எனக்குத் தாமதமான அறிவிப்பாகவே படுகிறது.

முதல் படி: இரண்டு பரிசோதனைகளையும் கேளுங்கள்

தேவை இரண்டு. ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவின் அளவைப் பார்த்து அதிலிருந்து கணக்கிடும் இஜிஎஃப்ஆர், அதாவது சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன், ஒன்று. சிறுநீரில் அல்புமினுக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதம், அதாவது யூரின் ஏசிஆர், மற்றொன்று.

முதலாவதற்கான கிரியாட்டினினைப் பெரும்பாலான ஆய்வகங்கள் தானாகவே பார்த்துவிடுகின்றன. இரண்டாவது பெரும்பாலான ‘மாஸ்டர் ஹெல்த் செக்கப்’ பட்டியல்களில் இருப்பதில்லை. ‘யூரின் ரொட்டீன்’ செய்தாயிற்றே என்று நினைத்துவிட வேண்டாம். அதில் வரும் குச்சிப் பரிசோதனை, கசிவு ஓரளவு அதிகமான பிறகுதான் நிறம் மாறும். தொடக்க நிலைக் கசிவை அது தவறவிடும். ‘அல்புமின் – நில்’ என்று அச்சாகியிருந்தாலும் ஏசிஆர் 80 ஆக இருக்க முடியும். ‘யூரினில் உப்பு போகிறதா’ என்று கிராமத்துச் செவிலியர்கள் கேட்பதும் இந்த அல்புமினைத்தான்.

சிறுநீர் நுரைத்தால்தான் கவலைப்பட வேண்டும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. நுரை வரும் அளவுக்குப் புரதம் போகிறது என்றால் நோய் ஏற்கெனவே வெகுதூரம் போய்விட்டது என்று பொருள். நமக்குத் தேவையான எச்சரிக்கை அதற்குப் பல ஆண்டுகள் முன்னால், கண்ணுக்குத் தெரியாத கட்டத்தில் கிடைக்கிறது.

மருத்துவரிடம் கேட்கத் தயங்குபவர்களுக்காக:

“டாக்டர், அப்பாவுக்கு யூரின் ஏசிஆர் பார்த்துவிடலாமா?”

“கிரியாட்டினின் நார்மலாகத்தானே இருக்கிறது?”

“இருக்கிறது டாக்டர். ஆனால் பத்து வருடமாகச் சர்க்கரையும் பிரஷரும் இருக்கின்றன. சிறுநீரில் அல்புமின் அளவு இதுவரை பார்த்ததே இல்லை.”

இப்படிக் கேட்டால் மறுக்கும் மருத்துவர் இருக்க மாட்டார். செலவு சில நூறு ரூபாய். சர்க்கரை, ரத்த அழுத்தம், ஏற்கெனவே இதய நோய், குடும்பத்தில் சிறுநீரக நோய், உடல்பருமன் இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆண்டுக்கு ஒரு முறை இந்த இரண்டும் வேண்டும். எதுவுமே இல்லாவிட்டாலும் அறுபது வயதில் ஒரு தடவையாவது பார்த்துவைப்பது நல்லது என்பது என் கருத்து.

சென்னைக்கு அருகிலுள்ள கிராமங்களில் சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி முன்னின்று நடத்திய கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் பணியை இங்கே சொல்லியாக வேண்டும். உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, வீடு வீடாகச் சென்று சல்ஃபோசாலிசிலிக் அமிலத் துளிகளால் சிறுநீரில் புரதத்தையும் பெனடிக்ட் கரைசலால் சர்க்கரையையும் பார்த்தார்கள். ரத்த அழுத்தத்தை அளந்தார்கள். கண்டறியப்பட்டவர்களுக்கு மிக மலிவான மாத்திரைகளே தரப்பட்டன. பெரிய ஆய்வகம் இல்லாமலே இதைச் செய்ய முடியும் என்று காட்டிய வேலை அது. ஆய்வகங்கள் தெருவுக்குத் தெரு இருக்கும் ஊரில் அறுபது வயதுக்காரருக்கு இந்தப் பரிசோதனை செய்யப்படாமல் போவதை எப்படி ஏற்பது?

இரண்டாம் படி: மாதிரியைச் சரியாகக் கொடுங்கள்

ஏசிஆருக்குக் காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரே சிறந்தது. தொடக்கத்தில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, முந்தைய நாள் கடுமையான உடற்பயிற்சி, கட்டுக்கடங்காத சர்க்கரை அல்லது ரத்த அழுத்தம் இருந்தால் எண் பொய்யாக ஏறும். சரியானபின் பாருங்கள்.

ரத்தப் பரிசோதனைக்கு முந்தைய இரவு பிரியாணியோ நிறைய ஆட்டுக்கறியோ வேண்டாம். வேகவைத்த இறைச்சி கிரியாட்டினினைத் தற்காலிகமாக உயர்த்தும். வாந்தி, பேதி, வெயிலில் அலைந்து உடம்பு வறண்ட நாள் இவற்றையும் தவிர்க்கவும். எடுத்துக்கொள்ளும் மாத்திரைகளின் பட்டியலை ஆய்வகத்துக்கு இல்லாவிட்டாலும் மருத்துவருக்குக் கட்டாயம் காட்டுங்கள். சிறுநீர்த் தொற்றுக்குத் தரும் டிரைமெத்தோபிரிம் சேர்ந்த மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுக்காமலே கிரியாட்டினினை உயர்த்திக் காட்டும்.

மூன்றாம் படி: ‘நார்மல்’ என்ற சொல்லைத் தாண்டிப் படியுங்கள்

இந்தப் படியில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் தவறு நடப்பது இங்கேதான்.

இரண்டு ரிப்போர்ட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒன்று 25 வயது இளைஞருடையது, கிரியாட்டினின் 1.1. மற்றொன்று 68 வயதுப் பெண்மணியுடையது. கிரியாட்டினின் அதே 1.1. பல ஆய்வகங்களில் இரண்டும் அச்சிட்ட எல்லைக்குள்தான் விழும், அல்லது எல்லைக் கோட்டில் நிற்கும். தடித்த எழுத்தும் இல்லை, நட்சத்திரக் குறியும் இல்லை.

இப்போது பல நாடுகளில் புழங்கும் சிகேடி-எப்பி 2021 சூத்திரத்தில் வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். இளைஞருக்கு இஜிஎஃப்ஆர் ஏறத்தாழ 95. அந்த அம்மாவுக்கு ஏறத்தாழ 55. ஒருவர் முழு நலத்தோடு இருக்கிறார். மற்றவர் மூன்றாம் கட்டத்தின் வாசலைத் தாண்டி உள்ளே நிற்கிறார். தாளில் இருப்பது ஒரே எண்.

கிரியாட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. வயதாக ஆக, அதிலும் பெண்களுக்கு, தசை குறைகிறது. உற்பத்தியே குறைவதால் சிறுநீரகம் தளர்ந்திருந்தாலும் எண் உயராமல் நிற்கிறது. ஆகவே இஜிஎஃப்ஆர் அச்சிடப்படவில்லை என்றால் ஆய்வகத்திடம் கேளுங்கள், அல்லது இணையத்தில் உள்ள கணக்கிடும் பக்கத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். இலங்கையிலும் இங்கிலாந்திலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்களுக்கு கிரியாட்டினின் மைக்ரோமோலில் வரும், அதை 88.4ஆல் வகுத்தால் நமக்குப் பழக்கமான மில்லிகிராம் கணக்கு கிடைக்கும். 97 மைக்ரோமோல் என்பது நாம் பார்த்த 1.1தான்.

இஜிஎஃப்ஆர் 90க்கு மேல் முதல் கட்டம், 60 முதல் 89 இரண்டாம் கட்டம். இந்த இரண்டிலும் சிறுநீரில் கசிவோ ஸ்கேனில் குறையோ இல்லாவிட்டால் அதை நோய் என்று சொல்வதில்லை. 45 முதல் 59 வரை மூன்று-ஏ, 30 முதல் 44 வரை மூன்று-பி, 15 முதல் 29 வரை நான்காம் கட்டம், அதற்குக் கீழே ஐந்து.

‘வயதானால் குறையத்தானே செய்யும்’ என்ற சமாதானம் இங்கே வரும். சராசரியாகக் குறைவது உண்மைதான். ஆனால் பால்டிமோர் நகரில் நலமாக இருந்த 254 பேரைப் பல ஆண்டுகள் அளந்து 1985இல் வெளிவந்த ஆய்வில், மூன்றில் ஒரு பங்கினருக்கு வடிகட்டும் திறன் குறையவே இல்லை. குறைவது விதி அல்ல.

மறுபக்கமும் உண்டு. 78 வயதுக்காரருக்கு இஜிஎஃப்ஆர் 52, சிறுநீரில் கசிவு துளியும் இல்லை, பல ஆண்டுகளாக எண் அசையவும் இல்லை என்றால், அவரைச் சிறுநீரக நோயாளி என்று முத்திரை குத்தி வீட்டையே கலங்கடிக்க வேண்டியதில்லை. இதயத்தைக் கவனிக்க இன்னொரு காரணம் கிடைத்தது என்று எடுத்துக்கொண்டால் போதும். இந்த வேறுபாட்டைச் சொல்ல உதவுவது ஏசிஆர். அதனால்தான் இரண்டும் சேர்ந்து வேண்டும் என்கிறேன்.

மெலிந்த முதியவர்கள், படுக்கையில் இருப்பவர்கள், கால் அகற்றப்பட்டவர்கள் ஆகியோருக்கு கிரியாட்டினினை நம்பவே முடியாது. அவர்களுக்கு சிஸ்டாட்டின்-சி என்ற பரிசோதனை உதவும். அது தசையின் அளவைப் பொறுத்து அதிகம் மாறாது. பிட்ஸ்பர்க் உள்ளிட்ட நான்கு அமெரிக்கப் பகுதிகளில் 65 வயதைக் கடந்தவர்களை வைத்து நடந்த கார்டியோவாஸ்குலர் ஹெல்த் ஸ்டடியில் 4,637 பேரின் ரத்தத்தை ஆராய்ந்து 2005இல் முடிவு வெளியானது. சிஸ்டாட்டின்-சி மிக அதிகமாக இருந்த பிரிவினருக்கு இதய நோயால் மரணம், குறைவாக இருந்தவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல். அதே முதியவர்களில் கிரியாட்டினின் அந்த ஆபத்தை அவ்வளவு தெளிவாகக் காட்டவில்லை. செலவு கூடுதல், எல்லா ஊரிலும் கிடைக்காது. தைராய்டு கோளாறும் ஸ்டீராய்டு மாத்திரையும் இந்த எண்ணைப் புரட்டிப்போடும். ஆனாலும் கிரியாட்டினின் கணக்கில் சந்தேகம் இருக்கும் முதியவருக்கு ஒரு தடவை செய்துபார்க்கத் தக்கது.

நான்காம் படி: ஏசிஆரைப் படியுங்கள்

ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் இயல்பு. 30 முதல் 300 வரை மிதமான கசிவு. 300க்கு மேல் கடுமையான கசிவு. மில்லிமோல் கணக்கில் அச்சிடும் ஆய்வகங்களில் இதே எல்லைகள் ஏறத்தாழ 3, 30 என்று வரும். தாளில் எந்த அலகு என்று பார்க்காமல் மகிழ்ச்சியோ கவலையோ வேண்டாம்.

இதயத்தைப் பொறுத்தவரை 30 என்ற கோட்டுக்குக் கீழேயும் கவனம் தேவை. பல நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்து 2010இல் வெளிவந்த பெரும் தொகுப்பில், ஏசிஆர் பார்க்கப்பட்டவர்கள் 1,05,872 பேர். ஏசிஆர் 5 இருப்பவரோடு ஒப்பிட்டால் 10 இருப்பவருக்கே மரண அபாயம் 1.2 மடங்கு, 30 என்றால் 1.63 மடங்கு, 300 என்றால் 2.22 மடங்கு. இஜிஎஃப்ஆர் எவ்வளவாக இருந்தாலும் இந்த ஏற்றம் தனியாக நின்றது. 18 என்று வந்தால் நோயில்லை; ஆனால் அடுத்த ஆண்டு மறக்காமல் பார்க்க வேண்டும்.

எல்லாச் சிறுநீரக நோயிலும் அல்புமின் கசியும் என்பதில்லை. இலங்கையின் அனுராதபுரம் பகுதி விவசாயிகளைத் தாக்கும் காரணம் தெரியாத சிறுநீரக நோயில், கசிவு மிகக் குறைவாகவே இருக்கும், இஜிஎஃப்ஆர்தான் காட்டிக்கொடுக்கும். ஒரு பரிசோதனை நன்றாக இருக்கிறது என்று மற்றதை விட்டுவிடக் கூடாது.

ஐந்தாம் படி: மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள்

ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம். ஏசிஆர் நாளுக்கு நாள் நிறைய மாறும். ஆறு மாதத்துக்குள் எடுத்த மூன்று மாதிரிகளில் குறைந்தது இரண்டு 30க்கு மேல் இருந்தால்தான் கசிவு உறுதி. இஜிஎஃப்ஆர் குறைவும் மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் நாட்பட்ட நோய். விதிவிலக்கு ஒன்று உண்டு: கிரியாட்டினின் சில நாட்களில் மளமளவென்று ஏறினாலோ சிறுநீர் குறைந்து முகமும் காலும் வீங்கினாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஆறாம் படி: இதய அபாயக் கணக்கில் சேர்த்துப் பாருங்கள்

இதுவரை நம் ஊரில் புழங்கிய பல இதய அபாயக் கணக்குகளில் சிறுநீரகத்துக்கு இடமே இல்லை. வயது, கொழுப்பு, புகை, சர்க்கரை, ரத்த அழுத்தம், அவ்வளவுதான். அமெரிக்க இதயச் சங்கம் 2023இல் வெளியிட்ட ‘பிரிவென்ட்’ கணக்கு இஜிஎஃப்ஆரைக் கட்டாயமாகவும் ஏசிஆரை விருப்பத் தேர்வாகவும் கேட்கிறது. 30 முதல் 79 வயது வரை உள்ளவர்களுக்குப் பொருந்தும். மாரடைப்பு, பக்கவாதத்தோடு இதயச் செயலிழப்பையும் கணிக்கிறது. 60 லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்களின் பதிவுகளில் உருவாக்கிச் சரிபார்த்தது. அதனால் தெற்காசியர்களான நமக்கு அபாயத்தைக் குறைத்துக் காட்டக்கூடும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். தெற்காசிய வம்சாவளியையே அபாயத்தைக் கூட்டும் காரணியாக அமெரிக்க வழிகாட்டுதல் 2018இல் குறித்திருக்கிறது. இங்கிலாந்தின் கியூரிஸ்க்-3 கணக்கு சிறுநீரக நோயையும் இந்திய, பாகிஸ்தானிய, வங்கதேச வம்சாவளியையும் தனித்தனியாகக் கேட்கும்.

இஜிஎஃப்ஆர் 60க்குக் கீழோ ஏசிஆர் 30க்கு மேலோ நிலைத்துவிட்டால், மற்ற எண்கள் நன்றாக இருந்தாலும் இதய அபாயம் அதிகமுள்ளவர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்து இருந்தால் இதய மருத்துவரை ஒரு தடவை பார்த்து எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்துவிடுவது நல்லது. இடது கீழறை தடித்திருக்கிறதா என்பது ஈசிஜியைவிட எக்கோவில் தெளிவாகத் தெரியும்.

ஏழாம் படி: செய்ய வேண்டியவை

ரத்த அழுத்தம் முதலில். வீட்டிலேயே அளக்கப் பழகுங்கள்: ஐந்து நிமிடம் பேசாமல் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, கையை இதய மட்டத்தில் வைத்து, காலையும் மாலையும் இரண்டிரண்டு முறை. காபி குடித்த கையோடு, படியேறி வந்த மூச்சோடு அளக்கக் கூடாது. 2015இல் வெளியான ஸ்பிரின்ட் ஆய்வில் 50 வயதைக் கடந்த 9,361 பேரில், மேல் அழுத்தத்தை 120க்குக் கீழே கொண்டுவந்த பிரிவினருக்கு இதயப் பாதிப்புகள் 25 சதவீதம் குறைந்தன. ஆனால் அவர்களிடம் மயக்கமும் திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பும் கூடுதலாக இருந்தன. சர்க்கரை நோயாளிகள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. எழுந்து நின்றால் தலை சுற்றும் 80 வயதுத் தாத்தாவுக்கு 120 என்ற இலக்கைத் திணிக்கக் கூடாது. நின்றபடியும் ஒருமுறை அளந்து, இலக்கை மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள்.

மாத்திரைகளில், சிறுநீரில் கசிவு இருப்பவருக்கு டெல்மிசார்டன், லோசார்டன், ராமிப்ரில் வகைகளே முதலில் வருகின்றன. அழுத்தத்தோடு கசிவையும் குறைக்கும். தொடங்கி இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும். கிரியாட்டினின் 30 சதவீதம் வரை உயர்ந்தால் அது எதிர்பார்த்ததே. அந்த உயர்வைக் கண்டு பயந்து தாங்களாகவே மாத்திரையை நிறுத்திவிடுபவர்கள் தங்களுக்கு மிகவும் தேவையான பாதுகாப்பை இழக்கிறார்கள்.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் ஆகியவை சர்க்கரை மாத்திரைகளாக வந்தவை; இப்போது சர்க்கரை இல்லாத சிறுநீரக நோயாளிகளுக்கும் தரப்படுகின்றன. 4,304 பேரை வைத்து 2020இல் வெளியான டாபா-சிகேடி ஆய்வில் சிறுநீரகச் சரிவும் சிறுநீரக, இதய நோய் மரணங்களும் சேர்ந்த தொகுப்பு 39 சதவீதம் குறைந்தது. இதயச் செயலிழப்பையும் இவை குறைக்கின்றன. டாபாகிளிஃப்ளோசினின் காப்புரிமை முடிந்துவிட்டதால் இந்தியாவில் விலை வெகுவாக இறங்கியிருக்கிறது. பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரலாம், சுத்தம் முக்கியம். வாந்தி, பேதி, முழு நாள் விரதம், அறுவை சிகிச்சை ஆகிய நாட்களில் நிறுத்திவைப்பது பற்றி மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுவைக்கவும்.

கொழுப்பு மாத்திரை: 50 வயதைக் கடந்த, டயாலிசிஸ் தொடங்காத சிறுநீரக நோயாளிகளுக்கு ஸ்டாட்டின் தர வேண்டும் என்பதுதான் உலக வழிகாட்டுதல். கொழுப்பு எண் ‘நார்மல்’ என்பதால் வேண்டாம் என்று இருந்துவிட முடியாது. ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சிறுநீரக நோயாளிகள் பங்கேற்ற ஷார்ப் ஆய்வில், கொழுப்பைக் குறைத்ததால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 17 சதவீதம் குறைந்தன.

நான் மிகவும் கவலைப்படுவது வலி மாத்திரைகளைப் பற்றி. மூட்டுவலி, முதுகுவலி என்று மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், அசிக்ளோஃபெனாக் ஆகியவை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கின்றன, ரத்த அழுத்தத்தை ஏற்றுகின்றன, இதயச் செயலிழப்பைக் கிளப்புகின்றன. பிரஷர் மாத்திரையும் நீர் மாத்திரையும் சாப்பிடும் முதியவருக்கு இவற்றைச் சேர்த்தால் சில நாட்களிலேயே சிறுநீரகம் படுத்துவிடலாம். வலிக்கு அளவோடு பாரசிட்டமால், ஒத்தடம், உடற்பயிற்சி போதும். போதாவிட்டால் மருத்துவரிடம் கேளுங்கள். கலவை தெரியாத சூரணமும் பஸ்பமும் வேண்டவே வேண்டாம். சிலவற்றில் பாதரசமும் ஈயமும் கண்டறியப்பட்டிருக்கின்றன.

உப்பு நாளுக்கு 5 கிராமுக்குக் கீழே என்கிறது உலக சுகாதார நிறுவனம். தேக்கரண்டி நிறையக்கூட இல்லை. குழம்பில் குறைத்துவிட்டு ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு, கடை மிக்சரில் திரும்பச் சேர்த்துக்கொண்டால் பயன் இல்லை. சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கிறது. டெல்மிசார்டன் போன்ற மாத்திரை சாப்பிடும் சிறுநீரக நோயாளிக்கு அது ஆபத்தாகலாம். புகையை விட வேண்டும், நடக்க வேண்டும். இவற்றை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். உண்மை என்பதால் நானும் சொல்கிறேன்.

எட்டாம் படி: ஒரு கோப்பு

எல்லா ரிப்போர்ட்டுகளையும் தேதி வரிசையில் ஒரே கோப்பில் வையுங்கள். முதல் பக்கத்தில் நான்கு பத்திகள் போதும்: தேதி, கிரியாட்டினின், இஜிஎஃப்ஆர், ஏசிஆர். 62, 61, 60 என்று இறங்குவதும் 75, 68, 60 என்று இறங்குவதும் ஒன்றல்ல. பின்னதுக்குச் சிறுநீரக மருத்துவர் தேவை. ஆண்டுக்கு 5க்கு மேல் சரிவு, ஏசிஆர் 300க்கு மேல், இஜிஎஃப்ஆர் 30க்குக் கீழ், சிறுநீரில் ரத்தம் இவற்றில் எது வந்தாலும் காத்திருக்க வேண்டாம். இரண்டு எண்களும் நிலையாக இருந்தால் ஆண்டுக்கு ஒன்று அல்லது இரண்டு முறை பார்த்தால் போதும்.

சிறுநீரக நோயும் சர்க்கரையும் உள்ள முதியவருக்கு மாரடைப்பு வரும்போது நெஞ்சுவலி வராமலே போகலாம். திடீர் மூச்சிரைப்பு, குளிர்ந்த வியர்வை, காரணமில்லாத தளர்ச்சி, தாடையிலோ மேல்வயிற்றிலோ அழுத்தம் வந்தால் 108ஐ அழையுங்கள். மருத்துவமனையில் ஆஞ்சியோகிராம் வேண்டும் என்று சொன்னால், சாயம் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும் என்ற பயத்தில் மறுத்துவிடாதீர்கள். கடைசி இஜிஎஃப்ஆர் எவ்வளவு என்பதை மட்டும் உடனே சொல்லிவிடுங்கள். சாயத்தின் அளவைக் குறைப்பதும் முன்னும் பின்னும் நீரேற்றுவதும் அவர்கள் வேலை. அந்தக் கோப்பு வீட்டில் எங்கே இருக்கிறது என்பது முதியவரோடு இன்னொருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.